மேற்கே மேகம் கட்டுகிறதா? இடிமழை வருவதை வானத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி

மழை வருமா என்று யாராவது கேட்டால் நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? தலையைத் தூக்கி நேர் மேலே பார்க்கிறோம், கறுப்பாக இருந்தால் வரும் என்கிறோம், வெளுப்பாக இருந்தால் வராது என்கிறோம். இடிமழை விஷயத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துப்போகும். ஏனென்றால் இடிமேகம் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது பார்த்து ஒரு பயனும் இல்லை, அதற்குள் களத்தில் காயப்போட்ட நெல் நனைந்திருக்கும், மாடியில் வைத்த வடகம் கரைந்திருக்கும், வண்டியில் போனவர் பாலத்துக்கு நடுவில் மாட்டியிருப்பார். அது 40, 50 கி.மீ. தள்ளி இருக்கும்போதே, நமக்கு இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பார்க்க முடியும், அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும்: மேகம் எவ்வளவு உயரம், அதன் ஓரம் எப்படி இருக்கிறது, இடம் மாறுகிறதா.

நான் இங்கே எழுதுவது வட தமிழ்நாட்டை மனதில் வைத்து. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை மாலையிலும் இரவிலும் வருகிற மழை இது. செய்தியில் வெப்பச்சலன மழை என்று சொல்வார்களே, அதுதான். வடகிழக்குப் பருவமழையை வேறு மாதிரி பார்க்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், எந்த மேகம் இடிக்கும்?

பள்ளிப் பாடத்தில் கீற்று மேகம், படை மேகம், திரள் மேகம் என்று படித்திருப்போம். லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவார்ட் 1802இல் ஓர் உரையில் முன்வைத்த பிரிவுகள்தான் இன்றுவரை உலகம் முழுக்க அடிப்படையாக இருக்கின்றன. இவற்றில் நமக்கு வேண்டியது திரள் மேகம் ஒன்றுதான். மற்றவை அகலவாக்கில் பரவும். திரள் மேகம் மேல்நோக்கி வளரும், வளர்ந்துகொண்டே போனால் கார்திரள் மேகம் ஆகும், ஊரில் சொல்கிற இடிமேகம்.

உயரம் ஏன் முக்கியம் என்றால், நம் ஊர் வானத்தில் சுமார் 5 கி.மீ. உயரத்தில்தான் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்குகிறது. மேகத்தின் தலை அதற்கும் மேலே போய், 7, 8 கி.மீ.யைத் தாண்டும்போது உள்ளே பனித்துகள்களும் சின்ன ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று மோத ஆரம்பிக்கின்றன. அந்த மோதலில்தான் மின்னேற்றம் பிரிகிறது, மின்னல் பிறக்கிறது. தாழ்வாகவே நின்றுவிட்ட மேகம் எவ்வளவு கறுத்திருந்தாலும் தூறல் போடும், ஒரு பாட்டம் மழைகூடப் பெய்யும், ஆனால் இடிக்காது. முழுசாக வளர்ந்த இடிமேகமோ நம் அட்சரேகையில் 14, 15 கி.மீ. வரை போகும், சமயத்தில் அதையும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமே பெரும்பாலும் 10, 12 கி.மீ.தான், அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரு பார்வை

ஆறரை, ஏழு மணிக்கு மாடிக்குப் போனால் வானத்தை ஒரு சுற்று பாருங்கள். நடு உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன மேகத் துண்டுகள், அடிப்பக்கம் ஒரே கோட்டில் தட்டையாகவும் மேல்பக்கம் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக முளைத்தும் இருந்தால் அது இடிமழைக்கு நல்ல அறிகுறி. நடுவானத்தில் காற்று நிலையாக இல்லை, கீழேயிருந்து சூடான காற்று மேலே வந்தால் தடுக்க ஆளில்லை என்று அர்த்தம். அந்தக் குட்டி மேகங்கள் ஒன்பது, பத்து மணிக்குள் கரைந்து காணாமல் போய்விடும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வானம் சுத்தமாகிவிட்டதே, இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று பலரும் முடிவுகட்டும் நாள்களில்தான் சாயங்காலம் வெளுத்து வாங்கும்.

போனில் வானிலைச் செயலி இருந்தால் இன்னொரு எண்ணையும் பாருங்கள், வெப்பநிலை இல்லை, பனிநிலை (Dew point). காற்றில் உண்மையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். 24, 25 டிகிரி என்றால் ஈரம் ஏராளம், உடம்பு கசகசவென்று புழுங்கும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் திரள் மேகத்தின் அடிப்பாகம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது ஓரளவு வந்துவிடும். மதியம் 36 டிகிரி, பனிநிலை 24 என்றால் வித்தியாசம் 12, அடிப்பாகம் சுமார் 1,500 மீட்டர். இதே 40 டிகிரி வெயிலில் மேற்கிலிருந்து காற்று வறட்சியாக வீசி, பனிநிலை 17க்கு இறங்கிவிட்டால் அடிப்பாகம் 2,900 மீட்டருக்கு அருகில் போய்விடும். அப்படிப்பட்ட நாளில் மேகம் கட்டினாலும் மழைத்துளி தரைக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், மழையைவிடப் புழுதிக்காற்றுதான் அதிகம் வரும்.

பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை: ஓரத்தைப் பாருங்கள்

வெயில் ஏற ஏற வெள்ளைத் திரள்கள் முளைக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. அகலம் அதிகம், உயரம் குறைவு, மேல்பக்கம் யாரோ அமுக்கிவிட்ட மாதிரி இருந்தால் மேலே சூடான காற்றடுக்கு ஒன்று மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, மேகம் அதை உடைக்க முடியாமல் பக்கவாட்டில் பரவுகிறது. அகலத்தைவிட உயரம் அதிகமாகிவிட்ட மேகம் தென்பட்டால் அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அதன் ஓரம். வளர்கிற மேகத்தின் தலை காலிஃபிளவர் மாதிரி மொட்டு மொட்டாக, வெட்டிவைத்ததுபோல் கூர்மையான ஓரத்தோடு இருக்கும். நீல வானத்துக்கும் வெள்ளைக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரியும். அப்படித் தெரிகிறவரை அங்கே நீர்த்துளிகள்தான் இருக்கின்றன, மேகம் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இதை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. மாடியில் ஓர் இடத்தில் சுவரில் சாய்ந்து அசையாமல் நின்றுகொண்டு, தண்ணீர்த் தொட்டியின் மேல் விளிம்பையோ ஒரு செல்போன் டவரின் உச்சியையோ மேகத்தின் தலைக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலை அசையக்கூடாது, நீங்கள் கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இரண்டு மூன்று நிமிடம். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருக்கும், பிறகு ஒரு மொட்டு விளிம்புக்கு மேல் தலைகாட்டும், அதன் பக்கத்தில் இன்னொன்று வீங்கும், முதல் மொட்டை அது முந்திப் போகும், பழையது ஓரத்தில் சரிந்து கரையும். 20 கி.மீ. தள்ளி இருக்கிற மேகம் இரண்டு மூன்று நிமிடத்தில், நீட்டிய கையின் ஒரு விரல் அகலத்துக்கு மேலே ஏறிவிட்டால் அது நன்றாக ஊதிக்கொண்டிருக்கிறது, விடாதீர்கள். முதல்முறை இப்படி நின்று பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவது மேகத்தின் வேகத்தைப் பார்த்துத்தான், சும்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும்போது மேகம் நிலையாக நிற்பதுபோலவே இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கூர்மையான ஓரம் மேல்பக்கம் மட்டும் மங்க ஆரம்பிக்கும். நார் நாராக, துடைத்துவிட்ட மாதிரி. உச்சி பனிக்கட்டியாக மாறிவிட்டது. அதற்குப் பிறகு தலை உயர வழியில்லாமல் தட்டையாக விரியும். வானத்தில் தட்டையான தலை விரித்த மேகத்தைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், அது இடிமேகம், அதன் கீழே யாருக்கோ இப்போது மழை கொட்டிக்கொண்டிருக்கிறது.

ஓரம் மங்குவதில் இன்னொரு வகையும் இருக்கிறது. மேகம் முழுக்கவே, அடியிலிருந்து நுனிவரை மங்கி, நடுநடுவே ஓட்டை விழுந்து, கீழ்ப்பாகம் காணாமல் போய் மேல் தலை மட்டும் அனாதையாக மிதந்தால் அது உயிர்விட்ட மேகம். தனி மேகத்தின் ஆயுள் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் அது சாகும்போது கீழே இறக்கிவிடுகிற குளிர்காற்று தரையோடு பரவிப் பக்கத்தில் இருக்கிற சூடான காற்றை மேலே தள்ளி, புது மேகங்களைக் கிளப்பிவிடும். வேலூர்ப் பக்கம் மூன்று மணிக்குக் கட்டிய மேகம் சென்னைக்கு எட்டு மணிக்கு வருகிறது என்றால் அதே மேகம் நடந்துவரவில்லை, ஒன்றின் பின் ஒன்றாகப் புதிதாய்ப் பிறந்து பிறந்து வருகிறது.

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கைமுட்டிக் கணக்கு

கையை முழுசாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்தில் முட்டியை வைத்து, மேகத்தின் உச்சி எத்தனை முட்டி உயரத்தில் இருக்கிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எண்ணுங்கள். தலை விரித்த மேகம் என்றால் அதன் உயரம் 14 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டி உயரம் என்றால் சுமார் 80 கி.மீ. தொலைவு. இரண்டு முட்டி, 40 கி.மீ. மூன்று முட்டி, 25 கி.மீ. அடிவானத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுப்பாதி, அதாவது 45 டிகிரி வந்துவிட்டால் 14 கி.மீ.தான்.

தலை இன்னும் விரியாத, வளர்கிற மேகத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது உயரம் குறைவு என்பதால் நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கும்.

நம் பக்கம் இந்த மேகக் கூட்டங்கள் பொதுவாக மணிக்கு 20 முதல் 40 கி.மீ. வேகத்தில் நகரும். இரண்டு முட்டி உயரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது, துணி எடுக்க, நெல்லை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட, கழனியில் இருக்கிறவர்களுக்குப் போன் பண்ண அது தாராளம். மூன்று முட்டி என்றால் வேலையை ஆரம்பித்துவிடுங்கள். நடுவில் புதிதாக ஒன்று கிளம்பினால் இந்த நேரமும் குறையும்.

நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா?

மேகத்தின் நடுப்பாகத்துக்கு நேர் கீழே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பனைமரமோ கோயில் கோபுரமோ. பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். மேகம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்ந்திருந்தால் அது பக்கத்து ஊருக்குப் போகிறது. அடையாளத்தை விட்டு நகராமல் அதே இடத்தில் நின்றபடி உயரமும் அகலமும் மட்டும் கூடியிருந்தால் நேராக உங்களைப் பார்த்துத்தான் வருகிறது. நகராமல் நிற்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டிய மேகம் அது இல்லை.

எந்தத் திசையைப் பார்ப்பது என்பதும் மாதத்தைப் பொறுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நடுவானத்தில் மேற்கிலிருந்து காற்று வீசுகிறது, அதனால் ஜவ்வாது மலை, வேலூர், சித்தூர்ப் பக்கம் மதியம் கட்டுகிற மேகம் கிழக்கே, தென்கிழக்கே நகர்ந்து சாயங்காலத்துக்கு மேல் கடற்கரைக்கு வரும். சென்னைக்காரர்கள் மேற்கையும் வடமேற்கையும் பார்த்தால் போதும். போகிற வழியில் கடல்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மதியவாக்கில் கிழக்கேயிருந்து கடல்காற்று உள்ளே நுழையும்போது அதன் முன்விளிம்பில், கரைக்கு இணையாக மேகம் ஒரு வரிசையாகக் கட்டும். கடற்கரையில் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கோட்டை கட்டிக்கொண்டிருக்கும். மேற்கிலிருந்து வருகிற மழை இந்தக் கோட்டில் வந்து மோதினால் சட்டென்று வலுத்துவிடும். 2023 ஜூன் 18 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை சென்னையில் இடியோடு கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும், மீனம்பாக்கத்தில் 10 செ.மீ.க்கு மேல் பதிவானது, பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தென்மேற்குப் பருவத்தில் சென்னைக்கு மழை கிடையாது என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு இரவே போதும்.

ஏப்ரல், மே கதை வேறு. நடுவானக் காற்றுக்கு அப்போது உறுதியான திசை இருக்காது. ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்று குன்றுகளை ஒட்டிக் கட்டும், கட்டின இடத்திலேயே நின்று கொட்டிவிட்டுப் போகும், அல்லது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். அந்த மாதங்களில் நாலு திசையையும் சுற்றிப் பாருங்கள்.

வெளிநாட்டுப் புத்தகம் சொல்வது இங்கே தவறும் இடம்

இது முக்கியம், இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்றாலும் சரி. மேகங்களைப் பற்றி வருகிற பெரும்பாலான கையேடுகளில், விரிந்த தலை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மழை நகரும் என்று போட்டிருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் அது சரி, அங்கே கீழேயும் மேலேயும் காற்று ஏறத்தாழ ஒரே பக்கம்தான் போகும். நம் ஊரில் தென்மேற்குப் பருவக் காலத்தில் அப்படி இல்லை. கீழேயும் நடுவிலும் மேற்கிலிருந்து காற்று வீசும்போது, 14, 15 கி.மீ. உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்று ஓடை என்று அதற்குப் பெயர். இந்திய வானிலைத் துறையில் இருந்த பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுதான் உலகத்துக்கு அதை விளக்கியது. அந்த ஓடையின் மையம் பெரும்பாலும் நம் சென்னை அட்சரேகையை ஒட்டியே போகிறது.

விளைவு என்ன? ஜூலை மாதம் மேற்கே கட்டுகிற மேகத்தின் தலை மேற்குப் பக்கமாக, நம்மை விட்டு விலகி நீண்டுகொண்டு போகும். அடிப்பாகமோ நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும். தலையை மட்டும் பார்ப்பவர், அந்தப்பக்கம் போகிறது என்று நினைத்து வண்டியை எடுத்துக் கிளம்பிவிடுவார். மற்ற ஊர்களில் மழைக்கு ஒரு மணி நேரம் முன்பே உயர மேகம் வந்து வெயிலை மறைத்து எச்சரிக்கை கொடுக்கும். இங்கே அந்த எச்சரிக்கையும் பல நாள் கிடைக்காது, நல்ல வெளிச்சத்திலிருந்து நேராக இருட்டுக்குள் போய்விடுவோம். அதனால் ஆடி, ஆவணியில் தலையைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள், அடையாளம் வைத்துப் பாருங்கள்.

கறுப்பு ஏமாற்றும்

மேகம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருந்தால் கறுப்பாகத் தெரியும், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே மேகம் பால் வெள்ளையாகத் தெரியும். மாலை நாலு மணிக்கு மேற்கே இருக்கிற சுமாரான மேகம்கூட மையைக் கொட்டியது போலத்தான் இருக்கும். அதே நேரம் கிழக்கே, கடல் மேல் 15 கி.மீ. உயரத்துக்கு நிற்கிற இடிமேகம் தங்கநிறத்தில் அழகாக ஜொலிக்கும், எல்லோரும் செல்போனில் படம் எடுப்பார்கள். காலை வேளையில் இது தலைகீழ். ஆகவே நிறத்தைப் பார்க்கும் முன் சூரியன் எங்கே என்று பாருங்கள். ஒரு நிறம் மட்டும் கொஞ்சம் பயன்படும், அடிவானத்தில் மேகத்துக்குக் கீழே சாம்பல்நிறத் திரை ஒன்று தரைவரை தொங்குவது. மழைக்கால் இறங்குகிறது என்பார்கள். அது தெரிந்தால் அங்கே மழை பெய்கிறது, சந்தேகமே இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கிற குன்று தெரிகிறதா, மறைந்துவிட்டதா என்று பாருங்கள், மறைந்துவிட்டால் கனமழை. திரை பாதி வழியில் கிழிந்து தொங்கினால் துளிகள் ஆவியாகின்றன, அங்கிருந்து வருவது காற்றுதான்.

கடைசி அரை மணி நேரம்

இந்தக் கட்டத்தில் மேகத்தைவிடக் காற்று தெளிவாகப் பேசும். முதலில் ஓர் இறுக்கம், இலை அசையாது. அப்புறம் மேகத்தின் அடியில், மழைத் திரைக்கு முன்னால், தாழ்வாக நீளமாக வளைந்த ஒரு கருநீல விளிம்பு உருண்டு வருவது தெரியலாம். அது மழையால் கீழே இறங்கிய குளிர்காற்றின் முன்முனை. அது தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில்தான் காற்று சட்டென்று திசை மாறும், கிழக்கேயிருந்து வந்த கடல்காற்று நின்று மேற்கேயிருந்து சில்லென்று அடிக்கும், சில நிமிடத்தில் 5, 6 டிகிரி இறங்கிவிடும், புழுதியும் மண்வாசனையும் சேர்ந்து வரும். மண்வாசனை வந்தால் மழை ஏற்கெனவே காற்று வரும் திசையில் பெய்துகொண்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது ஐந்து முதல் பதினைந்து நிமிடம். கிளை முறிவது, தகரக் கூரை பறப்பது, பேனர் விழுவது எல்லாம் பெரும்பாலும் இந்த முதல் காற்றில்தான், மழையில் இல்லை. வண்டியில் இருந்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

விரிந்த தலையின் அடியில் பை பையாகத் தொங்குகிற மேகத்தைச் சிலர் பார்த்துப் பயப்படுவார்கள். பார்க்கத்தான் பயங்கரம், அதனால் தனியாக ஆபத்து ஏதும் இல்லை, பக்கத்தில் பெரிய இடிமேகம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

மின்னலை எண்ணுங்கள்

மின்னல் கண்ணில் பட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடி நொடியாக எண்ணுங்கள். இடிச்சத்தம் கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கி.மீ. கிடைக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, அதனால் மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. எண்ணிக்கை 30க்குள் வந்துவிட்டால், அதாவது 10 கி.மீ.க்குள், வெளியில் இருக்கக் கூடாது. உண்மையில் இடி காதில் விழுகிற தூரமே சுமார் 15 கி.மீ.தான், அடுத்த மின்னல் அவ்வளவு தூரத்தையும் தாண்டி மழையே இல்லாத இடத்தில் இறங்க முடியும். இடி கேட்டுவிட்டால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அதில் நிறையப் பேர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள். தயவுசெய்து இதை உங்கள் வீட்டில், ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள். தனி மரம், பனை, திறந்த கொட்டகை, மோட்டார் ரூம் திண்ணை, மொட்டை மாடி, குளம், எதுவும் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட் வீடு, கதவும் கண்ணாடியும் மூடிய கார் அல்லது பஸ், இவைதான் பாதுகாப்பு. டூ வீலரும் டிராக்டரும் கணக்கில் வராது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு ஓட இடமே இல்லையென்றால் கூட்டமாக நிற்காமல் பிரிந்து, காலைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள், படுக்காதீர்கள். இது வேறு வழி இல்லாதபோது செய்வது, இதை நம்பி வெளியில் இருக்கக் கூடாது. மழை விட்ட பிறகும் கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள், மழை ஓய்ந்துவிட்டதே என்று வெளியே வருகிற அந்த நேரத்தில்தான் மேகத்தின் பின்பக்கத்து மின்னல் ஆளைப் பிடிக்கிறது.

இருட்டிய பிறகு

இரவில் மேகம் தெரியாது, ஆனால் இருட்டில் மின்னல் வெகுதூரத்துக்குத் தெரியும். அடிவானத்தில் சத்தமே இல்லாமல் பளிச் பளிச்சென்று வெட்டினால் வெயிலுக்கு மின்னுகிறது என்று சொல்வார்கள். வெயிலுக்கு மின்னல் வராது, 50, 100 கி.மீ. தள்ளி எங்கோ நிஜமான இடிமழை நடக்கிறது, சத்தம் மட்டும் இவ்வளவு தூரம் எட்டவில்லை. மின்னும் நேரத்தில் மேகத்தின் உருவம் ஒரு கணம் தெரியும், அப்போது முட்டிக் கணக்கைப் போடலாம். ஏழு மணிக்கு மேற்கே மின்னியது எட்டு மணிக்கும் அதே திசையில், இன்னும் உயரமாக மின்னினால், பால்கனியில் இருப்பதை உள்ளே எடுத்து வையுங்கள்.

போனில் சரிபார்ப்பது

இந்திய வானிலைத் துறையின் தளத்தில் சென்னை ரேடார் படம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சென்னையின் டாப்ளர் ரேடார் 2002இல் வந்தது, நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார்களும் உண்டு. ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடுத்தடுத்த படங்களை ஓட விட்டு, கனமழையைக் காட்டும் சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். புனேயில் இருக்கிற இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ.க்குள் மின்னல் விழுகிறதா என்று காட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவுகளைவிட இவை எவ்வளவோ மேல். ஆனால் வரிசை முக்கியம், முதலில் நீங்களே மேகத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வாருங்கள், பிறகு ரேடாரைத் திறங்கள். முதலிலேயே ரேடாரைப் பார்த்துவிட்டால் கண் எதையும் கற்றுக்கொள்ளாது.

வடகிழக்குப் பருவத்தில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்று கிழக்கிலிருந்து, மழையும் கடலிலிருந்து. விடியற்காலையில்தான் கரையோரத்தில் அதிகம் பெய்யும். தாழ்வான திரள்கள் வேகமாக மேற்கே ஓடும், பத்து நிமிடம் கொட்டும், வெயில் அடிக்கும், மறுபடி கொட்டும். வானம் மப்பும் மந்தாரமுமாக மூடிக் கிடப்பதால் தனி மேகத்தின் உயரத்தைப் பார்க்கவே முடியாது, இடிமேகம் அந்த மூட்டத்துக்குள் ஒளிந்து வரும். அப்போது முட்டிக் கணக்கும் ஓரமும் உதவாது, காதும் ரேடாரும்தான். பருவம் தொடங்குகிற அக்டோபரில் மட்டும் இடி மின்னல் அதிகம் இருக்கும், மூட்டம் விலகி மேகங்கள் தனித்தனியாகத் தெரிகிற நாள்களில் மேலே சொன்னதெல்லாம் ஓரளவு செல்லும்.

பழகுவதற்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் மேற்கே பார்த்து, மேகம் எத்தனை முட்டி, ஓரம் கூர்மையா மங்கலா, அடையாளத்தை விட்டு நகர்ந்ததா, மழை வருமா வராதா, வந்தால் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். ராத்திரி படுக்கும் முன் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். மே மாதத்தில் ஆரம்பித்தால் ஜூலைக்குள் உங்கள் மாடிக்கென்று ஒரு கணக்கு பிடிபட்டுவிடும், எந்த இரண்டு கட்டடத்துக்கு நடுவில் கட்டினால் உங்கள் தெருவுக்கு வரும், எந்தப் பக்கம் கட்டினால் ஏரியைத் தாண்டி அப்படியே போய்விடும் என்பது வரைக்கும்.